நான் கூப்பிட்டது யாரை? (வாசகர் கேள்விக்குப் பதில்)

கேள்வி:

ஐயா, எனக்கு 29 வயது. வலிகாமத்தில் பிறந்து வளர்ந்தவள். பரம்பரையாகத் தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பம். சென்ற வருடம் அப்பா சிறுநீரக நோயால் இறந்துபோனார். ஆஸ்பத்திரியில் கடைசி ஒன்பது நாளும் நான்தான் பக்கத்தில் இருந்தேன். இரவில் அவருக்குப் பயம் வந்துவிடும். என் கையைப் பிடித்துக்கொண்டு "ஆண்டவரே, ஆண்டவரே" என்பார். நானும் சேர்ந்து கூப்பிடுவேன்.

அதற்குப் பிறகு ஒருநாள் என்னோடு வேலை செய்யும் சைவச் சிநேகிதி, என்னை நோகடிக்கும் எண்ணம் இல்லாமல்தான், "கடவுள் என்றால் அவருக்குப் பிறப்பும் இறப்பும் இருக்குமா?" என்று கேட்டாள். பதில் சொல்ல வரவில்லை. பிறகு வீட்டுக்கு வேதாகமத்தோடு இருவர் வந்தார்கள். இயேசு கடவுள் அல்ல, கடவுள் முதன்முதலில் படைத்தவர் என்று வசனம் வசனமாகக் காட்டினார்கள். மாற்கு 13:32இல் அந்த நாளையும் நாழிகையையும் குமாரனும் அறியார் என்று இருக்கிறதே, கடவுளுக்குத் தெரியாதது உண்டா என்றும் கேட்டார்கள். ஐயா, அந்த ஒன்பது இரவும் நான் கூப்பிட்டது யாரை? இப்படி யோசிப்பதே பாவமோ என்று மூன்று மாதமாகத் திருவிருந்து எடுக்கவில்லை. அப்பாவின் ஆண்டு நினைவு ஜெபக்கூட்டம் வருகிறது. எந்த வேதபகுதியை வாசிப்பது என்றுகூடத் தெரியவில்லை.

பதில்:

அன்புள்ள பிள்ளை,

உங்கள் கடிதம் இரண்டு நாளாக என் மேசையில் இருக்கிறது. மூன்று முறை வாசித்தேன். முதலில் திருவிருந்து பற்றிச் சொல்லிவிடுகிறேன். வருகிற ஞாயிறே போய் எடுங்கள். மத்தேயு 28ஆம் அதிகாரம் 17ஆம் வசனத்தைப் பாருங்கள். உயிர்த்தெழுந்த ஆண்டவரைக் கலிலேயாவின் மலையிலே சீஷர்கள் கண்டு பணிந்துகொண்டார்கள். "சிலரோ சந்தேகப்பட்டார்கள்" என்று மத்தேயு மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார். கண்ணுக்கு முன்னால் அவர் நிற்கும்போதே சந்தேகம். ஆண்டவர் அந்தச் சிலரைப் புறம்பாக நிறுத்தவில்லை. புறப்பட்டுப் போங்கள் என்ற கட்டளையைப் பதினொரு பேருக்கும் சேர்த்தே கொடுத்தார். சந்தேகத்தோடு வருகிறவரைத் திருப்பி அனுப்புகிற பந்தி அது இல்லை, பிள்ளை. மூன்று மாதம் பசியோடு இருந்துவிட்டீர்கள், அது போதும்.

சரி, இப்போது கேள்விக்கு வருவோம்.

இந்தக் கேள்வியை முதன்முதலில் கேட்டவர்கள் அவருக்கு எதிரிகளோ வெளியாட்களோ இல்லை. அவரோடு ஒரே படகில் இருந்தவர்கள். மாற்கு 4ஆம் அதிகாரத்தில் புயல் வருகிறது, படகு நிரம்புகிறது, அவரோ பின்னணியத்தில், அதாவது படகின் பின்பக்கத்தில், தலையணை வைத்து நித்திரையாக இருக்கிறார். அணியம் என்ற சொல் எங்கள் கரையோரத்தில் இன்றும் புழங்குகிற சொல் என்பதால் எனக்கு அந்தக் காட்சி எப்போதும் பண்ணைக் கடலில் நடப்பதுபோலவே மனதில் வரும். அலை அடித்தும் எழும்பாத அளவுக்கு ஒரு மனிதன் களைத்துத் தூங்குகிறார். எழுப்பினால் காற்றை அதட்டுகிறார், கடல் அடங்குகிறது. தூங்கியவரும் அதட்டியவரும் ஒருவரே. அவர்கள் மிகவும் பயந்து "இவர் யாரோ?" என்று ஒருவரோடொருவர் சொல்லிக்கொண்டார்கள் என்று முடிக்கிறார் மாற்கு. பதிலை அங்கே எழுதவில்லை. அடுத்த அதிகாரத்துக்குப் போய்விடுகிறார்.

காற்று அடங்குவதற்கு முன் அவர்களிடம் இந்தக் கேள்வி இருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் செய்ததைப் பார்த்த பிறகுதான் அது பிறக்கிறது. விசுவாசம் குறைந்துபோனதால் உங்களுக்குக் கேள்வி வந்தது என்று நினைக்கிறீர்கள். நான் அப்படி வாசிக்கவில்லை. ஒன்பது இரவு ஒருவரைக் கூப்பிட்ட பிறகு அவர் யார் என்று அறியத் துடிப்பது அன்பு வைத்தவர்கள் செய்கிற காரியம்.

போன வருடம் எனக்குக் கண்புரைச் சத்திரசிகிச்சை நடந்தது. அதற்கு முந்திய சில மாதங்கள் மாலை நேரத்தில் விறாந்தையில் இருந்து பார்த்தால் வளவின் கோடியில் நிற்கும் வடலிகள், இளம் பனைகள், ஆட்கள் நிற்பதுபோலத் தெரியும். ஒருநாள் ஒரு வடலியைப் பார்த்து "யாரது, உள்ளே வாங்கோ" என்று கூப்பிட்டிருக்கிறேன். அப்போதுதான் மாற்கு 8ஆம் அதிகாரத்துப் பெத்சாயிதாக் குருடன் எனக்கு நெருக்கமானான். ஆண்டவர் அவன்மேல் கைவைக்கிறார். முதல் தடவை அவனுக்குப் பாதிதான் தெளிகிறது. நடக்கிற மனுஷரை மரங்களைப்போலக் காண்கிறேன் என்கிறான். மறுபடியும் கைவைத்த பிறகுதான் எல்லாம் தெளிவாகிறது. இரண்டு தடவையில் குணமாக்கிய இந்தச் சம்பவத்தை மாற்கு மட்டுமே சொல்கிறார். அதை அவர் எங்கே வைத்திருக்கிறார் என்று பாருங்கள். அடுத்த பந்தியிலேயே பேதுரு "நீர் கிறிஸ்து" என்று அறிக்கையிடுகிறார். நான்கு வசனம் கடந்தால் அதே பேதுரு, நீர் பாடுபடவும் கொல்லப்படவும் கூடாது என்று ஆண்டவரைக் கடிந்துகொண்டு, "எனக்குப் பின்னாகப் போ, சாத்தானே" என்ற வார்த்தையை வாங்கிக்கொள்கிறார். பேதுரு பார்த்தது பொய் இல்லை, பாதி. அவருக்கும் இரண்டாம் தடவை தேவைப்பட்டது. அதற்காக அவரை யாரும் வழியில் விட்டுவிட்டுப் போகவில்லை.

உங்கள் வீட்டுக்கு வந்த இருவர் காட்டிய வசனங்களை நீங்கள் எழுதவில்லை. வழக்கமாகக் காட்டப்படும் இரண்டை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, யோவான் 1:1. "அந்த வார்த்தை தேவனாயிருந்தது" என்பதை "ஒரு தேவனாயிருந்தது" என்று மொழிபெயர்க்க வேண்டும் என்பார்கள். கிரேக்கத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் ஒரு சுட்டு அந்த இடத்தில் இல்லை என்பது காரணம். இல்லை என்பது உண்மைதான். ஆனால் அதே அதிகாரத்தின் 6, 12, 13, 18ஆம் வசனங்களிலும் தேவன் என்ற சொல்லுக்கு முன் அந்தச் சுட்டு இல்லை. அங்கெல்லாம் யாரும் "ஒரு தேவன்" என்று போடுவதில்லை. இன்னொன்று, கொலோசெயர் 1:15. "சர்வ சிருஷ்டிக்கும் முந்தின பேறுமானவர்" என்றால் முதலில் படைக்கப்பட்டவர் என்று விளக்கம் சொல்வார்கள். முதற்பேறு என்ற சொல்லைச் சங்கீதம் 89:27 தாவீதுக்குச் சொல்கிறது. தாவீதோ ஈசாயின் எட்டுப் பிள்ளைகளில் இளையவன். அந்தச் சொல் வீட்டில் உள்ள இடத்தை, உரிமையைக் குறிக்கிறது. அதற்கு அடுத்த வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். சகலமும் அவருக்குள் சிருஷ்டிக்கப்பட்டது என்கிறார் பவுல். படைக்கப்பட்ட எல்லாம் அவருக்குள் படைக்கப்பட்டதென்றால் அவரை எந்தப் பக்கத்தில் நிறுத்துவது?

அவர்களை மரியாதையாக நடத்தியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். வெயிலில் சைக்கிள் மிதித்து வந்து வேதாகமத்தைத் திறக்கிறவர்களுக்குத் தேத்தண்ணி கொடுப்பதில் தவறில்லை. அவர்கள் கொண்டுவந்த வாதமும் புதிது இல்லை. 1700 வருடம் பழையது.

அலெக்சாந்திரியாவில் ஆரியு என்றொரு மூப்பர் இருந்தார். கெட்டவர் என்று அவரை நான் ஒருநாளும் மாணவர்களுக்குப் படிப்பித்ததில்லை. கடவுளின் மேன்மைக்குக் குறை வந்துவிடக் கூடாது என்ற கவலை அவருக்கு இருந்தது. தகப்பன் முந்தியவர், மகன் பிந்தியவர், ஆகவே குமாரன் இல்லாத ஒரு காலம் இருந்திருக்க வேண்டும் என்றார். கேட்டால் யாருக்கும் சரிபோலத்தான் இருக்கும். பாட்டாகவும் கட்டிப் பரப்பினார். 325இல் கொன்ஸ்தந்தீன் பேரரசர் ஆயர்களை நிசேயாவில் கூட்டினார். இன்று துருக்கியில் இஸ்னிக் என்று சொல்லப்படும் ஊர் அது. அங்கே எழுந்ததுதான் குமாரன் படைக்கப்பட்டவர் அல்ல, பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்ற அறிக்கை. நாங்கள் எழுந்து நின்று சொல்கிற விசுவாசப் பிரமாணத்தில் அந்தச் சொற்கள் இருக்கின்றன. அதோடு சண்டை ஓயவும் இல்லை. 381இல் கொன்ஸ்தாந்திநோப்பிளில் இன்னொரு சங்கம் கூட வேண்டியிருந்தது. அந்த நகரத்தில் அப்போது ரொட்டி என்ன விலை என்று கேட்டால் பிதா பெரியவர், குமாரன் சிறியவர் என்று பதில் வருகிறது என்று நீசா நகரத்து கிரகோரி ஒரு பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார். கடைத்தெரு வரைக்கும் வந்த கேள்வி இது.

ஆரியுவுக்கு எதிராக வாழ்நாளெல்லாம் நின்றவர் அத்தனாசியு. அலெக்சாந்திரியாவின் ஆயர். ஐந்து தடவை நாடு கடத்தப்பட்டார். ஒரு சொல்லுக்காக ஒரு மனிதன் ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும் என்று படிக்கிற காலத்தில் எனக்கு விளங்கவில்லை. போதகனாகிச் செத்த வீடுகளுக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது. எங்கள் ஊரில் செத்த வீட்டுக்கு ஆள் அனுப்புகிறவரையும் தானே வருகிறவரையும் ஒருநாளும் மறக்கமாட்டார்கள். உங்கள் அப்பாவின் செத்த வீட்டுக்கு யார் யார் வந்தார்கள், யார் காசையும் ஆளையும் அனுப்பிவிட்டு நின்றுகொண்டார்கள் என்பது உங்களுக்கு இப்போதும் ஞாபகம் இருக்கும். அத்தனாசியு பிடித்துக்கொண்டு நின்ற இடம் அதுதான். வந்தவர் கடவுள் இல்லையென்றால், எவ்வளவு பெரியவராக இருந்தாலும், கடவுள் வரவில்லை, ஆள்தான் அனுப்பினார். எங்களுடைய சாவுக்குள்ளே கடவுள் தாமே வந்தாரா, இல்லையா? நிசேயா அறிக்கை முழுவதும் அந்த ஒரு கேள்விக்கு "வந்தார்" என்று சொல்வதற்காக எழுந்தது என்று நான் நம்புகிறேன்.

உங்கள் சிநேகிதியின் கேள்விக்கு வருகிறேன். அது மேலோட்டமான கேள்வி இல்லை, சைவ சித்தாந்தத்தின் நடுவிலிருந்து வருகிற கேள்வி. பிறப்பு வினையால் வருவது. வினையில்லாத இறைவனுக்குப் பிறப்பில்லை, ஆகவே இறப்பும் இல்லை. சிலப்பதிகாரம் சிவனைப் "பிறவா யாக்கைப் பெரியோன்", பிறந்து வராத உடலையுடைய பெரியவன், என்கிறது. இறைவனைச் சிறுமைப்படுத்தக் கூடாது என்ற பக்திதான் அவள் வாயில் அந்தக் கேள்வியாக வந்திருக்கிறது. ஆரியுவின் கவலையும் இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வியை வேதாகமத்தைத் தொட்டுப் புரட்டியவர்களே கேட்டிருக்கிறார்கள். பீற்றர் பேர்சிவல் பாதிரியார் இங்கே வேதாகமத்தைத் தமிழாக்கியபோது அவருக்குத் தமிழ்ப் பண்டிதராக உட்கார்ந்து உழைத்தவர் ஆறுமுக நாவலர். அந்த மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. அதற்கு முன்பே, 1848இல், நாவலர் வண்ணார்பண்ணையில் தமது சைவப் பாடசாலையைத் தொடங்கிவிட்டார். பிறகு கிறிஸ்தவர்களோடு எழுத்தில் கடுமையாக வாதாடினார். இயேசுவைப் பற்றிய ஒவ்வொரு வசனத்துக்கும் தமிழ்ச் சொல் தேடிக் கொடுத்தவர் இயேசுவைக் கடவுள் என்று ஏற்கவில்லை. அவருடைய உழைப்பின் பயனைக் கிறிஸ்தவர்களும் அனுபவித்திருக்கிறோம். இதை நான் எப்போதும் நன்றியோடு நினைப்பேன்.

சிநேகிதிக்கு என்ன சொல்வது? வினையால் பிறக்கவில்லை, அன்பினால் பிறந்தார் என்பதுதான் கிறிஸ்தவர் சொல்லக்கூடிய பதில். பிலிப்பியர் 2ஆம் அதிகாரத்தில் அவர் தம்மைத்தாமே வெறுமையாக்கினார் என்று இருக்கிறது. யாரும் அவரைப் பிறக்க வைக்கவில்லை. அவதாரமா என்று கேட்டால், அந்தச் சொல் கிட்டத்தட்டப் பொருந்தும், முழுதாகப் பொருந்தாது. சென்னையில் வாழ்ந்த வி. சக்கரை என்ற கிறிஸ்தவ அறிஞர் அந்தச் சொல்லைத் துணிந்து எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டு, இந்த அவதாரம் வந்து முடிந்துபோவது இல்லை, கிறிஸ்து என்றென்றைக்கும் மனிதராகவே இருக்கிறார் என்றார். அது நல்ல இடத்தில் வைத்த விரல். எங்கள் விசுவாசத்தின்படி அவர் எடுத்த உடலைக் கழற்றி எறிந்துவிடவில்லை. உயிர்த்தெழுந்தவரின் கையில் தழும்பு இருந்தது.

உங்கள் சிநேகிதியிடம் பிட்டுக்கு மண் சுமந்த கதையைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். வந்திக் கிழவிக்காகக் கூலியாளாய் வந்து பிரம்படி பட்ட இறைவனைப் பற்றி அவள் எங்களைவிட நன்றாகச் சொல்வாள். அவளுடைய கதையும் எங்களுடைய சிலுவையும் ஒன்று என்று நான் சொல்லமாட்டேன். அது இரண்டு பேருக்கும் அநியாயம். ஆனால் பெரியவன் இறங்கி வந்தான் என்று சொல்லும்போது அவளுடைய குரல் எப்படி மாறுகிறது என்று கேட்டால், நீங்கள் உங்களுடையதைச் சொல்வதற்கு வழி கிடைக்கும். வெல்வதற்காகப் பதில் தேடாதீர்கள். ஒரே மேசையில் சோற்றுப்பெட்டியைத் திறக்கிறவர்கள் நீங்கள் இருவரும்.

இனி மாற்கு 13:32. உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகமாக வலித்த இடம் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆகவே இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

சிறுவயதில் எங்களுக்கு ஞாயிறு பள்ளியில் கொடுத்த இயேசுவுக்கு எல்லாம் தெரியும். கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்து சிரித்துக்கொண்டே இருப்பார். பசித்தாலும் உண்மையில் பசிக்காது. அழுதாலும் எங்களுக்குக் காட்டுவதற்காகவே அழுவார். பக்தியின் பேரால் நாங்கள் அவருடைய மனிதத்தன்மையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்துவிட்டோம். அப்படிப்பட்ட இயேசுவை மனதில் வைத்திருக்கிறவருக்கு "குமாரனும் அறியார்" என்ற வசனம் அடி விழுந்ததுபோல இருக்கும். உங்களுக்கு நடந்ததும் இதுதான் என்று நினைக்கிறேன். அந்த இருவரும் உங்கள் இயேசு கடவுளா என்று கேட்டார்கள். உங்களிடம் தடுமாறியதோ அவர் மனிதரா என்ற பக்கம்.

நான்காம் நூற்றாண்டில் அப்பொலினாரியு என்றொரு ஆயர் இருந்தார். நிசேயாவை முழுமனதோடு ஏற்றவர், அத்தனாசியுவின் நண்பர். இயேசுவுக்கு உடல் மனித உடல்தான், ஆனால் மனம் மனித மனம் இல்லை, அந்த இடத்தில் தெய்வ வார்த்தையே இருந்தது என்றார். இயேசுவை உயர்த்திச் சொன்னதாகவே அவர் நினைத்திருப்பார். திருச்சபை அதைத் தள்ளியது. நசியான்சு நகரத்து இன்னொரு கிரகோரி சொன்ன காரணம் ஒரு வரி: அவர் எடுத்துக்கொள்ளாதது குணமாகவில்லை. மனித மனத்தை அவர் எடுத்துக்கொள்ளவில்லை என்றால் மனித மனத்துக்கு மீட்பில்லை. அறியாமை, திகைப்பு, நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாத இருட்டு, இவையெல்லாம் மனத்தில்தானே இருக்கின்றன?

உங்கள் அப்பா இரவில் பயந்தார் என்று எழுதினீர்கள். விடியுமா என்று தெரியாமல் பயந்தார். மாற்கு 14:33ஐ மெதுவாக வாசியுங்கள். கெத்செமனேயில் ஆண்டவர் "திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்." இரவு. பக்கத்தில் மூன்று பேர். விழித்திருங்கள் என்று கேட்கிறார், அவர்கள் தூங்கிவிடுகிறார்கள். இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்று கெஞ்சுகிறார். அங்கே அவர் நடிக்கவில்லை. அந்தத் திகில் உண்மையென்றால் நாளையும் நாழிகையையும் அறியாததும் உண்மை. லூக்கா 2:52 அவர் ஞானத்தில் வளர்ந்தார் என்கிறது; வளருவதற்கு முன் தெரியாதது இருந்தால்தானே வளரலாம்? கூட்டத்துக்குள் என் வஸ்திரங்களைத் தொட்டது யார் என்று அவர் கேட்டதும் உண்மையாகவே கேட்டதுதான்.

அப்படியானால் பிள்ளை, அந்த வாட்டில் விளக்கு அணைந்த பிறகு நீங்கள் இருவரும் கூப்பிட்டது, பயத்தை வெளியிலிருந்து பார்த்து அறிந்த ஒருவரை இல்லை. பயத்தை உள்ளிருந்து அறிந்தவரை. அவரே கடவுள். இரண்டில் ஒன்றை விட்டால் மற்றது உங்களுக்கு உதவாது. பயந்த மனிதர் மட்டும் என்றால் உங்கள் அப்பாவைப் போல இன்னொருவர், அவரால் அப்பாவைத் தாங்க முடியாது. பயமறியாத கடவுள் மட்டும் என்றால் அப்பா இருந்த இருட்டுக்குள் அவர் ஒருநாளும் இருந்ததில்லை.

இது எப்படி ஒருவருக்குள் பொருந்துகிறது என்று கேட்பீர்கள். 451இல் கல்சிடோன் சங்கம் அதற்கு எழுதிய பதிலைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஒரே ஆள், இரண்டு தன்மை; கலக்காமல், மாறாமல், பிரியாமல், பிளவுபடாமல். எல்லாம் "ஆமல்" என்றே முடிகிறது. எப்படி என்று அவர்கள் சொல்லவில்லை. எங்கள் வளவுக் கிணற்றுக்கு ஒரு கட்டு இருக்கிறது. தண்ணீர் எவ்வளவு ஆழம், எந்த ஊற்றிலிருந்து வருகிறது என்று அந்தக் கட்டு சொல்லாது. எட்டிப் பார்க்கிற குழந்தை விழாமல் பார்த்துக்கொள்ளும். கல்சிடோனை நான் அப்படித்தான் படிப்பித்தேன். அந்தச் சொற்களையே ஏற்க முடியாமல் எகிப்தின் கொப்தியத் திருச்சபை அன்று பிரிந்து நின்றது. 1973இல்தான் அவர்களுடைய பாப்பரசர் மூன்றாம் செனூதாவும் ரோமின் பாப்பரசர் ஆறாம் பவுலும் கிறிஸ்துவைப் பற்றி ஒரே அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். 1500 வருடம் பிரிந்திருந்தவர்களும் ஆராதித்தது ஒரே ஆண்டவரைத்தான். சொல் பிடிபடாத காலத்திலும் அவர்களுடைய ஜெபம் நின்றுபோகவில்லை.

என்னுடைய கதை ஒன்றும் சொல்ல வேண்டும். 1995 ஒக்டோபர் 30 இரவு, போர் காரணமாக, நாங்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தோம். உங்களுக்கு அப்போது பிறந்த வயதுகூட இராது. வீட்டில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மழை. நாவற்குழிப் பாலத்தை நெருங்க நெருங்க ஒரு அடி வைக்க எவ்வளவோ நேரம் எடுத்தது. எனக்குப் பக்கத்தில் கரையோரத்துக் கத்தோலிக்க அம்மா ஒருவர் வந்தார். தலையில் மூட்டை இல்லை. சேலைத் தலைப்பால் மூடி நெஞ்சோடு அணைத்து எதையோ கொண்டுவந்தார். குழந்தை என்று நினைத்து வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். விலக்கிக் காட்டினார். இருதய ஆண்டவர் படம். கண்ணாடி ஒரு மூலையில் உடைந்து, உள்ளே தண்ணீர் போய்ப் படத்தின் ஓரம் ஊறிக் கிடந்தது. "வீட்டிலை தனிய விட மனம் வரேல்லைத் தம்பி. அவரும் எங்களோட நனையட்டும்" என்றார்.

நான் அப்போது இறையியல் படித்து முடித்த இளம் போதகன். படத்தைச் சுமப்பது பற்றி எங்கள் சபைக்கு வேறு கருத்து உண்டு. ஆனால் அந்த வார்த்தைக்குப் பிறகு எனக்குப் பேச்சு வரவில்லை. யோவான் 1:14இல் "நமக்குள்ளே வாசம்பண்ணினார்" என்று நாம் வாசிக்கிற இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது கூடாரம் போட்டார் என்ற சொல். அடுத்த பல மாதங்கள் தென்மராட்சியில் தறப்பாளுக்குக் கீழே இருந்து அந்த வசனத்தை எத்தனையோ பேருக்கு வாசித்தேன். நிசேயாவையும் கல்சிடோனையும் கேள்விப்பட்டிராத அந்த அம்மா இரண்டையும் ஒரே வரியில் சொல்லிவிட்டார். அவர் ஆண்டவர், ஆகவே விட்டுவர முடியாது. அவர் எங்களோடு நனைகிறவர்.

இனி என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். ஒருநாள் மத்தியானம் யாரும் இல்லாத நேரம் பார்த்து மாற்கு சுவிசேஷத்தை ஒரே இருப்பில், வாய்விட்டு, தொடக்கம் முதல் முடிவு வரை வாசியுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். விளக்கவுரை வேண்டாம், ஒத்த வசனம் தேட வேண்டாம். "இவர் யாரோ" என்று கேட்கிறவர்களை மட்டும் எண்ணிக்கொண்டு போங்கள். ஜெபிக்க வரவில்லை என்றால் 22ஆம் சங்கீதத்தை எடுங்கள். "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பது ஆண்டவரே சிலுவையில் சொன்ன வரி. அதை நீங்கள் சொன்னால் குறைவான விசுவாசம் என்று யாரும் சொல்ல முடியாது. உங்கள் சபைப் போதகரிடமும் போய் இதே கேள்வியைக் கேளுங்கள். எழுத்தில் நான் சொல்வதைவிட எதிரில் ஒருவர் கதிரையைப் போட்டு இருந்து கதைப்பது வேறு. அப்புறம், அப்பாவை நினைத்து அழுகை வரும் நேரத்தையும் இந்தக் கேள்வி வரும் நேரத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். இரண்டும் சேர்ந்து வருகிறது என்றால், வாதத்துக்குப் பதில் தேடுவதை அன்றைக்கு விட்டுவிட்டு அழுங்கள். லாசருவின் கல்லறையில் அவரும் முதலில் அதைத்தான் செய்தார்.

நினைவுக் கூட்டத்துக்கு மாற்கு 4ஆம் அதிகாரம் 35 முதல் 41 வரை வாசியுங்கள். யாரையும் கேட்காமல் நீங்களே எழுந்து வாசியுங்கள். "நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்று சீஷர்கள் கேட்கும் இடத்தில் குரல் தடுமாறினால் நிறுத்தி, மூச்சு எடுத்துக்கொண்டு தொடருங்கள். வந்திருக்கிறவர்கள் காத்திருப்பார்கள். "இவர் யாரோ? காற்றும் கடலும் இவருக்குக் கீழ்ப்படிகிறதே" என்ற வரியில் வேதாகமத்தை மூடிவிடுங்கள். விளக்கம் சொல்ல யாரையும் எழுப்ப வேண்டாம். அதன் பிறகு அப்பா எந்தக் கீர்த்தனையை அடிக்கடி முணுமுணுப்பாரோ அதைப் பாடுங்கள்.

உங்கள் சிநேகிதியையும் அன்றைக்கு வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் போதகர் ஐயா